காடாம்புலியூரில் இறங்கிய பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குப் பிரியாணி வரவழைத்தோம். சமைக்க அலுப்பு எனக்கு, ஹோட்டல் பிரியாணி ஆசை என் மகனுக்கு. போனில் ஒரு வரைபடம் தெரிந்தது. அதில் ஒரு குட்டி ஸ்கூட்டர் எங்கள் தெருவை நோக்கி நகர்ந்து வந்தது. பக்கத்துத் தெரு வரைக்கும் வந்த அந்த ஸ்கூட்டர், என்ன தோன்றியதோ, சட்டென்று திரும்பி எதிர்த்திசையில் போகத் தொடங்கியது. "அம்மா, நம்ம பிரியாணிய வேற எங்கயோ தூக்கிட்டுப் போறாரு" என்று பையன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பிரியாணி வந்து சேர்ந்தது. கொஞ்சம் ஆறியிருந்தது, அவ்வளவுதான்.

நிற்க வேண்டிய புள்ளி நகர்ந்தால் எனக்கு இன்றைக்கும் பயம். பாம்பு, பல்லிக்கெல்லாம் பயப்படாதவள் நான். இந்தப் பயத்தின் கதையை வீட்டில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். 2010ஆம் ஆண்டு நாங்கள் சில மாணவர்கள் சேர்ந்து ஒரு பெட்டி செய்தோம். தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. அந்த வேலையை அது ஒரு குறையும் இல்லாமல் செய்தது. அதனால் காடாம்புலியூரில் அஞ்சலை என்று ஒரு பெண்ணின் தலையில், அவர் கனவிலும் நினைக்காத ஒரு பழி விழுந்தது. அந்தப் பழி அவரைவிட்டு இறங்குமா இறங்காதா என்பதுதான் அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே கேள்வியாக இருந்தது.

தெர்மாகோலைச் சூடான கம்பியால் வெட்டினால் ஒரு வாசனை வரும், உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இனிப்பும் கசப்புமாகத் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிதம்பரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகம் முழுக்க அந்த வருடம் அந்த வாசனைதான். நான் தினமும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். வழியில் ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்வரை மொத்த பஸ்ஸும் மூக்கைப் பொத்திக்கொள்ளும். அதைத் தாண்டி இறங்கினால் தெர்மாகோல். என் மூக்கு அந்த வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டது என்று அம்மா சொல்வார். சாம்பார் தீய்ந்தால்கூட எனக்குத் தெரிவதில்லை என்பது அவர் குறை.

குழுவில் மூன்று பேர். குமரவேல் குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் அவனுக்கு ஒரு வாரம் கல்லூரி கிடையாது, மினிபஸ் ஓடாது. சகாயராஜ் திட்டக்குடிக்காரன், வாத்தியார் வீட்டுப் பிள்ளை, எதையும் எடை போட்டுத்தான் பேசுவான். மூன்றாவது நான். எங்களுக்கு வழிகாட்டி பரந்தாமன் சார். முனைவர் பட்டம் வாங்கியவர், முன்கோபி, நல்ல மனிதர். கோபம் வந்தால் சாக்பீஸை எறிவார், பிறகு அவரே குனிந்து பொறுக்குவார்.

விஷயம் இதுதான். வெளிமாநிலத்தில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் பெரிய பெரிய பலூன்களை வானத்தில் விடும். விமானங்கள் எட்டாத உயரத்துக்கு அவை கருவிகளைச் சுமந்துகொண்டு போகும். வேலை முடிந்ததும் கருவிகள் பாராசூட்டில் எங்காவது வந்து விழும். எங்கே விழுந்தன என்று சொல்ல ஒரு பெட்டி வேண்டும். மாணவர்கள் செய்த பெட்டி ஒன்றையும் ஏற்றிக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் முதலில் அதை ஒரு சின்ன ரப்பர் பலூனில் நாங்களே மேலே அனுப்பி, திரும்ப எடுத்து, உள்ளே பதிவானதைக் காட்ட வேண்டும். அனுமதி வாங்க மாதக்கணக்கில் அலைந்து சாரின் ஒரு ஜோடிச் செருப்பு தேய்ந்தது.

பெட்டி எப்படி இருந்தது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். வெளியே வெள்ளைத் தெர்மாகோல். உள்ளே ஒரு செம்புத் தகடு. அதில் வளைந்தும் நெளிந்தும் கட்டம் கட்டமாகவும் கோடுகள், மின்சாரம் ஓடும் பாதைகள். அந்தக் கோடுகளை நாங்களே பிளாஸ்டிக் டப்பில் அமிலக் கரைசல் ஊற்றி அரித்து எடுத்தோம். கடையில் போர்டு செய்யக் கொடுத்தால் நாளாகும் என்பதால் இந்தக் கைவேலை. என் சுடிதார் இரண்டில் மஞ்சள் கறை விழுந்து கடைசிவரை போகவில்லை. தகட்டின்மேல் இடத்தைக் கண்டறியும் கருவி, சிம்கார்டு போட்ட ஒரு மோடம், பேட்டரி. தரைக்கு வந்ததும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இருக்குமிடத்தை என் போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். புதருக்குள் விழுந்தால் தேடுகிறவர் காதில் விழட்டும் என்று, ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் 'கீ...' என்று நீளமாகக் கத்தும்படி குமரவேல் ஒரு பஸ்ஸரும் வைத்திருந்தான். அந்தச் சத்தம் அவனுக்கு ரொம்பப் பெருமை. "மேடம், கொழந்த அழுவுற மாதிரியே இருக்குதுல்ல?" என்பான். என்னை அவன் மேடம் என்றுதான் கூப்பிடுவான், எல்லாம் கிண்டல்தான்.

பாராசூட் என் பொறுப்பு. "பொம்பளப் புள்ள, உனக்குத் தைக்கத் தெரியும்ல?" என்று சார் கொடுத்துவிட்டார். எனக்கு பட்டன்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கடலூர் முதுநகரில் ஒரு டெய்லரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதால் நல்ல சிவப்புத் துணி. கயிறு கறுப்பு, டெய்லரிடம் அதுதான் இருந்தது.

பெட்டிக்கு வெளியே ஒரு காகிதம் ஒட்டினோம். 'இது கல்லூரி மாணவர்களின் அறிவியல் கருவி. ஆபத்து இல்லை. கண்டெடுத்தவர் கீழ்க்கண்ட எண்ணுக்குத் தெரிவிக்கவும்.' அழகான தமிழ், சாரே எழுதியது. ஆய்வகத்து இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்து நான்கு ஓரமும் டேப் போட்டோம். இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். மேகத்துக்குள் ஈரம் இருக்கும் என்பதும் தெரியும். இரண்டும் தனித்தனியாகத் தெரிந்த நாலு பேர் அங்கே நின்றிருந்தோம்.

மாசி மாதம் ஒரு காலையில் திட்டக்குடிக்குப் பக்கத்தில் சகாயராஜின் அப்பா வேலை பார்த்த பள்ளி மைதானத்தில் பலூனுக்கு வாயு ஏற்றினோம். மேலே காற்று கிழக்கு வடகிழக்காக அடிக்கிறது, உயரத்தில் பலூன் வெடித்ததும் பெட்டி கடலுக்குள் போகாமல் மாவட்டத்துக்குள்ளேயே இறங்கிவிடும் என்று சார் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பலூன் எழும்பத் தயாரானபோது, "இருங்கடா" என்று சொல்லிவிட்டுத் தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பெட்டியின் நான்கு பக்கமும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். சூடம் காட்டினார். பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பெட்டிக்கு அடியில் கட்டினார்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆய்வகத்தில் புது ஆசிலோஸ்கோப் கருவி வந்தால் அதற்கும் பொட்டு உண்டு. ஆனால் சகாயராஜால் பொறுக்க முடியவில்லை. எடை குறைய வேண்டும் என்று தெர்மாகோலை உள்பக்கமாகச் சுரண்டிச் சுரண்டி விரல் நுனி தேய்ந்தவன் அவன். "சார், எலுமிச்சம்பழம் வெயிட்டு சார்" என்றான். சார் அவன் முதுகில் தட்டி, "புதுசா வண்டி வாங்குனா வெக்கிறோம்ல? இது வானத்துல போற வண்டிடா" என்றார். நாங்கள் சிரித்தோம். சகாயராஜும் சிரித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது பெட்டியின்மேல் விரலால் ஒரு சிலுவை போட்டான். நான் பார்த்தேன்.

பலூன் போனது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு பொருளைக் கையால் செய்து, கண்ணெதிரே அது இல்லாமல் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கலைந்தது. புளியமரத்தடியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். போனை மடியில் வைத்துக்கொண்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயிலில் போன் துடித்தது. முதல் எஸ்.எம்.எஸ். எண்களைச் சார் வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். காடாம்புலியூர், பண்ருட்டிக்கு இந்தப் பக்கம், முந்திரித்தோப்பு. குமரவேல் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. வாடகை வேனில் ஏறிப் புறப்பட்டோம். பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி, எல்லாம் அதே இடம். விருத்தாசலம் வந்தது. அதே இடம். பாட்டெல்லாம் பாடினோம்.

விருத்தாசலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அடுத்த செய்தி வந்தது. எண்களின் கடைசி இலக்கங்கள் மாறியிருந்தன. காற்று பாராசூட்டை இழுத்திருக்கும் என்றார் சார். அடுத்ததில் இன்னும் மாறியது. சார் பென்சிலால் புள்ளி வைத்தார். புள்ளி தோப்பைவிட்டு வெளியே வந்து ஊருக்குள் இருந்தது. "காத்து தெருவுல திரும்புமா சார்?" என்று கேட்டான் சகாயராஜ். சார் டிரைவரை வேகமாக ஓட்டச் சொன்னார்.

அந்த இடத்தில் பெட்டி கொஞ்ச நேரம் நின்றது. அங்கிருந்து ஒரு செய்தி நல்ல பலமான சிக்னலோடு வந்தது. "உசுரோட இருக்குது மேடம்!" என்று குமரவேல் கைதட்டினான், நானும் தட்டினேன். அந்தக் கைதட்டல் இன்றும் என் காதைவிட்டுப் போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பிறகு புள்ளி வேகம் எடுத்தது. ஊரைவிட்டு வெளியே வந்து கிழக்கே சாலையைப் பிடித்தது. நாங்கள் காடாம்புலியூரை நெருங்க நெருங்க அது எங்களைவிட்டு விலகிப் போனது. "எவனோ தூக்கினு போறான் மச்சான்" என்றான் குமரவேல். பழைய இரும்புக்காரனாக இருக்கும் என்று நினைத்தோம். ஊருக்குள் நிறுத்தாமல் அப்படியே கடலூருக்கு விட்டோம். ஒரு திருடனைத் துரத்துகிற உற்சாகம் எங்களுக்கு. சார் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "கோடு நேரா கடலுக்குப் போவுதேம்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில், பெட்டியைத் தூக்கிப்போனவர்களைப் பிடித்தோம். ஒரு குட்டியானை லோடு வண்டி மணலோரம் நின்றிருந்தது. ஏழெட்டு ஆண்கள். நடுவில் மணலில் எங்கள் பெட்டி, சிவப்புத் துணி சுற்றி. காகிதத்தில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை, மையும் குங்குமமும் கரைந்து வழிந்து காய்ந்திருந்தன. எலுமிச்சம்பழம் மேலே உறைந்து கீழே உருகிக் கன்னங்கரேலென்று தொங்கியது. பூசாரி ஒருவர் மூடியை அறுத்து உள்ளேயிருந்த செம்புத் தகட்டைக் கையில் எடுத்திருந்தார். வெயிலில் அதன் கோடுகள் மின்னின. செய்வினை வைக்கிறவர்கள் செம்புத் தகட்டில் கட்டம் கீறி மந்திரம் எழுதிப் புதைப்பார்கள் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கணம் வரைக்கும் எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

"அது எங்க பெட்டிங்க!" என்று கத்திக்கொண்டே சகாயராஜ் ஓடினான். கூட்டத்தில் ஒருவர் முன்னால் வந்தார். முப்பது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது, தூங்கி நாளாகியிருக்க வேண்டும். தோப்புக்குச் சொந்தக்காரர், பெயர் தணிகாசலம் என்று பிறகு தெரிந்தது. சார் பொறுமையாகத்தான் சொன்னார். கல்லூரி, பலூன், பாராசூட், எல்லாம். தணிகாசலம் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரி சார். பலூனுக்கு எதுக்கு எலுமிச்சம்பழம்?"

சார் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். "அது ஒரு நம்பிக்கைப்பா" என்றார்.

"அதத்தான் நாங்களும் சொல்றோம்."

பூசாரிதான் அடுத்ததைக் கேட்டார், குரலை உயர்த்தாமல். "நாங்க பொறப்பட்டது எங்க ஊருலயே நாலு பேருக்குத்தான் தெரியும். இங்க வந்து நிக்கிறோம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

குமரவேல் பாவம், உண்மையைச் சொன்னான். "பொட்டிதாங்க சொல்லிச்சு. போனுக்கு மெசேஜ் அனுப்பும்ங்க."

"பொட்டியே சொல்லுச்சாம்" என்று பூசாரி தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தார். தணிகாசலம் ஓரடி பின்னால் போனார். "எங்க அண்ணி அனுப்புன ஆளுங்களா நீங்க?" என்று கேட்டார். யார் அண்ணி, என்ன அண்ணி, எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சகாயராஜ் பெட்டியின்மேல் பாய்ந்தான். இரண்டு பேர் அவனை மணலில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், அடிக்கவில்லை. தகட்டைப் பெட்டிக்குள் திருப்பி வைத்து, துணியைச் சுற்றிக் கட்டி, ஒரு பைபர் படகில் ஏற்றி அனுப்பினார்கள். "ஆத்துல உட்டா திரும்பி வந்துரும், நடுக்கடல்லதான் போடணும்" என்று பூசாரி படகுக்காரரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. படகு அலையைத் தாண்டிப் போனபிறகு என் போன் துடித்தது. எண்களைப் பார்த்தேன், நிலமே இல்லாத இடத்தைக் காட்டின. அதுதான் கடைசிச் செய்தி. அதோடு பதிவு போனது, பெரிய பலூனில் ஏறும் வாய்ப்பும் போனது. அப்போது அதுதான் பெரிய இழப்பு என்று நினைத்து நான் அழுதேன்.

"அந்த அண்ணி யாருன்னு பாக்கணும்" என்று சார்தான் சொன்னார். சாயங்காலம் காடாம்புலியூருக்கு வந்தோம். ஊருக்குள் நுழையும்போதே முந்திரிப் பூ வாசனை, எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். விசாரித்துக்கொண்டு போன வீட்டின் வாசலில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தார். உள்ளங்கையில் கொப்புளம். அவர்தான் அஞ்சலை, தணிகாசலத்தின் அண்ணன் மனைவி.

அவர் சொல்லித்தான் முழு விஷயமும் தெரிந்தது. அண்ணன் தம்பிக்குத் தோப்பைப் பிரித்து, போன தையில்தான் நடுவே வேலி போட்டார்கள். மனக்கசப்பு இருந்தது, பேச்சு நிற்கவில்லை. தணிகாசலத்தின் குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். எந்த ஊசிக்கும் இறங்கவில்லை. அந்த நேரத்தில் தணிகாசலத்தின் பங்குத் தோப்பில், வேலிக்கு அந்தப்புறம், சிவப்புத் துணி கட்டிய பெட்டி ஒன்று கிடந்து அழுதது. இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. பூசாரி வந்தார். வைத்தது பங்காளி வீடுதான் என்றார்.

"பொட்டிய எங்க வாசல்ல கொணாந்து வெச்சுட்டாங்க. சூடத்த ஏத்தி, அடிச்சு சத்தியம் பண்ணுன்னாங்க. நான் எதுக்குப் பயப்படணும்? எரியுற சூடத்துல கையால அடிச்சேன். எங்க கொழந்த மாதிரிதானேப்பா அது, அதுக்கு நான் செய்வனான்னு சொல்லி அடிச்சேன்." கொப்புளத்தில் ஊதிக்கொண்டார். "அடிச்ச கையோட அந்தப் பொட்டி 'கீ'ன்னு கத்துச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல."

நாங்கள் வேனில் கைதட்டியது அந்தச் செய்திக்குத்தான். அவர் உள்ளங்கையில் சூடம் எரிந்த அதே நிமிடம் என் உள்ளங்கையில் போன் துடித்திருக்கிறது. குமரவேல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

"அக்கா, அது எங்க பெட்டி. நீங்க ஒண்ணுமே பண்ணலன்னு எங்களுக்குத் தெரியும்" என்று ஒருவழியாகச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை. "எனக்குந்தான் தெரியும் பாப்பா. அத அங்க வந்து சொல்லுங்க" என்றார்.

போனோம். தணிகாசலத்தின் வீட்டு வாசலில் ஊரே நின்றது, சார் மறுபடி சொன்னார். கடற்கரையில் எங்களைப் பார்த்தவர்கள், அண்ணியின் பக்கத்தில் நிற்பதையும் இப்போது பார்த்தார்கள். போதாதா? தணிகாசலம் சத்தம் போடவில்லை. "வூட்டுக்குப் போங்க சார், கொழந்த தூங்குது" என்று மட்டும் சொன்னார். மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. காய்ச்சல் என்றால் என்றைக்காவது விடத்தான் செய்யும். ஆனால் பெட்டியைக் கடலில் போட்ட மறுநாள் விட்டதே, அதற்கு எங்கள் மூன்று பேரின் படிப்பிலும் சாரின் முனைவர் பட்டத்திலும் பதில் இல்லை.

சார் லேசில் விடுகிற ஆளில்லை. ஆய்வகத்தில் இருந்த மாற்றுப் பெட்டியைச் சரிசெய்து, பொட்டு எதுவும் வைக்காமல், ஒரு வாரம் கழித்து எங்களையும் கூட்டிக்கொண்டு மறுபடி அங்கே போனார். நடுத்தெருவில் வைத்து அதைக் கத்தவைத்துக் காட்டினார். தகட்டை எடுத்து ஒவ்வொருவராகத் தொட்டுப்பார்க்கச் சொன்னார். ஒருவரும் தொடவில்லை. பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். "ஒண்ணு போதாதுன்னு இன்னொண்ணு கொண்டாந்துட்டாங்கடி" என்று ஒரு குரல் கேட்டது. அஞ்சலை தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி இரண்டாம் முறை கத்தியபோது உள்ளே போய்விட்டார். ஆய்வகத்தில் எதற்கும் சார் அதன்பிறகு பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை.

படிப்பு முடிந்தது. நான் சென்னையில் வேலைக்குப் போனேன். குமரவேலுக்கு நெய்வேலியில் ஒரு காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. சகாயராஜ் பேசுவதைக் குறைத்துக்கொண்டான், பிறகு வெளிநாடு போனான். 2011 கடைசியில் கடலூரில் ஒரு பெரும் புயல் அடித்தது. பொங்கல் விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது குமரவேல் போன் செய்தான். "மேடம், காடாம்புலியூர் பக்கம் ஒரு மரம் இல்லயாம். போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றான். அவனும் என்னைப் போல அந்த ஊரை மறக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. 2012 தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அவன் பைக்கில் போனோம்.

தோப்பு ஒன்றுகூட இல்லை. முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்து ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன. அந்த மண்ணில் அவ்வளவு வெளிச்சம் விழுந்து நான் பார்த்ததே இல்லை. சாலையோரம் ஒருவர் விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார். தணிகாசலம்தான். எங்களை அடையாளம் கண்டுகொண்டார், கோபப்படவில்லை. அவருடைய மரமும் அண்ணனுடைய மரமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வேலி எங்கே இருந்தது என்று அவராலேயே காட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் அறுப்பதை நிறுத்திவிட்டு, "கடல்ல போட்டா திரும்பி வராதுன்னாரு பூசாரி. கடலே தூக்கினு வந்துருச்சு பாத்தீங்களா" என்றார். குமரவேல் காற்றழுத்தத் தாழ்வு பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். அந்த மனிதருடைய கணக்கில் புயலும் அஞ்சலையின் தலையில்தான் ஏறியிருந்தது.

அஞ்சலையும் அவர் கணவரும் புயலுக்கு முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. பிறகு எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று இதுவரை தெரியவில்லை. ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு ஊருக்குள் போனோம். எந்தத் தெருவென்று பிடிபடவில்லை. திருப்பத்தில் இருந்த பெரிய பலாமரம் இல்லை, அடையாளம் வைத்திருந்த கூரைக்கடை இல்லை, பாதி வீடுகளுக்கு ஓடு இல்லை. ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் புதிதாக வந்தவர், பெட்டி விழுந்தபோது அவர் அந்த ஊரிலேயே இருந்திருக்க மாட்டார். அஞ்சலை என்று பெயர் சொன்னோம், அவருக்குத் தெரியவில்லை. கணவர் பெயரைச் சொன்னோம், தெரியவில்லை. அண்ணன் தம்பி, முந்திரித்தோப்பு என்று குமரவேல் அடையாளம் சொல்லச் சொல்ல, அவருக்குச் சட்டென்று விளங்கியது.

"யாரு, தம்பி புள்ளைக்குப் பொட்டி வெச்சவங்க வூடா?"

இல்லை என்று சொன்னால் வழி தெரியாது. குமரவேல் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றான்.